கேன்டர்பரி பேராயர் பதவி: வாசகர் கேள்விகளும் விடைகளும்

ஆங்கிலிக்கன் சபைகளின் தாய்ச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்புக்கு முதன்முறையாக சாரா முலாலி என்னும் ஒரு பெண்மணி தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, கேன்டர்பரி பேராயர் பதவியைப் பற்றி வாசகர்கள் பலர் கடிதம் எழுதியுள்ளனர். கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். தமிழகத் திருச்சபைகளில் 'பேராயர்' என்னும் சொல் சபைக்குச் சபை வெவ்வேறு நிலையைக் குறிப்பதால், குழப்பம் நேராதிருக்க, இங்கே ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்றும் ஏனையோரைப் பிஷப் என்றும் குறிப்பிடுகிறோம்.

கத்தோலிக்கர்களுக்குப் போப்பாண்டவர் எப்படியோ, ஆங்கிலிக்கன் சபையினருக்குக் கேன்டர்பரி பேராயர் அப்படித்தானே? உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பிஷப்புகள் அவருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களா?
(வாசகர், பாளையங்கோட்டை)

இல்லை. இந்த வேறுபாடு தெளிவானால்தான் பதவியின் வரலாறும் இன்றைய சிக்கல்களும் விளங்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். போப்பாண்டவர் உலகின் எந்த மூலையில் உள்ள மறைமாவட்டத்திலும் நேரடியாகத் தலையிடலாம். ஆயர்களை நியமிக்கலாம், பதவியிலிருந்து விலக்கலாம். கேன்டர்பரி பேராயருக்கு இங்கிலாந்துக்கு வெளியே, ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, அத்தகைய அதிகாரம் எதுவும் கிடையாது. நைஜீரியாவில் ஒரு பிஷப்பை நியமிக்கவோ, அமெரிக்கத் திருச்சபை நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றை ரத்து செய்யவோ அவரால் இயலாது.

அவர் ஒரே நேரத்தில் பல பொறுப்புகளை வகிக்கிறார். முதலாவதாக, கென்ட் பகுதியில் அமைந்த கேன்டர்பரி திருமண்டலத்தின் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் உள்ள பகுதியே திருமண்டலம்) பிஷப் அவரே. ஆனால் அன்றாட நிர்வாகத்தை அவர் சார்பில் டோவர் பிஷப் கவனித்துக்கொள்கிறார். அடுத்து, இங்கிலாந்துத் திருச்சபையின் இரு மாகாணங்களில் பெரியதான தென் மாகாணத்துக்கு அவர் தலைவர். அதில் 30 திருமண்டலங்கள் அடங்கும். வடக்கில் 12 திருமண்டலங்களைக் கொண்ட மாகாணம் யார்க் பேராயரின் பொறுப்பில் உள்ளது. இவற்றுக்கு மேலாக, 42 தன்னாட்சித் திருச்சபைகளும் ஏறத்தாழ எட்டரைக் கோடி மக்களும் கொண்டதாகக் கூறப்படும் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் அவர் சமமானவர்களுள் முதல்வராக மதிக்கப்படுகிறார். அந்த மதிப்பு பெரியது. ஆனால் அதனோடு சேர்ந்து வரும் அதிகாரம், மற்றவர்களை ஓரிடத்துக்கு அழைப்பதும் அவர்கள் கூடும்போது தலைமை தாங்குவதும் மட்டுமே. அழைப்பவருக்கு உள்ள அதிகாரமே அவருடைய அதிகாரம். ஆணையிடுபவரின் அதிகாரம் அவரிடம் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் உச்ச ஆளுநர் என்ற பட்டம்கூடப் பேராயரிடம் இல்லை. அது அந்நாட்டு அரசரிடமே இருக்கிறது.

லண்டன் போன்ற தலைநகரை விட்டுவிட்டு, கேன்டர்பரி என்னும் சிறிய நகரம் எப்படித் தலைமைப் பீடமானது?
(கல்லூரி மாணவர், மதுரை)

திட்டமிட்டபடி நடந்திருந்தால் அது லண்டனாகத்தான் இருந்திருக்கும். ரோமில் போப்பாக இருந்த முதலாம் கிரகோரி, தாம் முன்பு வாழ்ந்த துறவி மடத்தின் துணைத் தலைவரான அகஸ்டினையும் சுமார் 40 பேரையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். கடவுள் நகரம் பற்றி எழுதிய ஹிப்போவின் அகஸ்டின் வேறு, இவர் வேறு. வழியில், இன்றைய பிரான்ஸ் நாட்டுப் பகுதியில், முன்பின் அறியாத மொழியும் முரட்டு மக்களும் உள்ள நாட்டுக்குப் போகிறோமே என்ற அச்சத்தில் அந்தக் குழு பயணத்தை நிறுத்தித் திரும்பிப் போக அனுமதி கேட்டது. கிரகோரி அனுமதி தரவில்லை. தொடங்கிய பணியை முடிக்கும்படி ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். 597ஆம் ஆண்டில் அவர்கள் கென்ட் கரையோரம் தானெட் என்னும் இடத்தில் இறங்கினர்.

கென்ட் அரசர் ஏதெல்பெர்ட் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் அவருடைய மனைவி பெர்த்தா, பிராங்க் அரச குலத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். தம் சமயத்தைக் கைவிடாமல் வாழலாம் என்ற உறுதியின் பேரிலேயே அவர் மணம் முடித்து வந்தார். தம்முடன் ஒரு பிஷப்பையும் அழைத்து வந்திருந்தார். அவர் வழிபட்ட புனித மார்ட்டின் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அகஸ்டின் குழுவினரை அரசர் வீட்டுக்குள் சந்திக்க ஒப்பவில்லை. கூரைக்குக் கீழே சந்தித்தால் அவர்கள் மந்திர வித்தை ஏதேனும் செய்துவிடக்கூடும் என்று அஞ்சி, திறந்த வெளியில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டார் என்று எட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான பீட் எழுதியிருக்கிறார். பின்னர் அரசர் ஞானஸ்நானம் பெற்றார். லண்டனிலும் யார்க்கிலும் இரு பேராயர்கள் இருக்க வேண்டும் என்று கிரகோரி 601ஆம் ஆண்டில் வகுத்த திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. பாதுகாப்பும் ஆதரவும் கென்ட் அரசரின் தலைநகரான கேன்டர்பரியில் கிடைத்ததால் பீடமும் அங்கேயே தங்கிவிட்டது. ஓர் அரசியின் பக்தியும் ஓர் அரசரின் அரவணைப்பும் சேர்ந்து, திட்டத்தில் இல்லாத ஓர் ஊரை 14 நூற்றாண்டுகளாகத் தலைமைப் பீடமாக வைத்திருக்கின்றன.

அகஸ்டினுக்குப் பின் வந்தவர்களுள் தியோடோரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பவுல் அப்போஸ்தலர் பிறந்த அதே தர்சு பட்டணத்தில் பிறந்த கிரேக்கர் அவர். பேராயர் பதவிக்குத் தேர்வானவர் ரோமில் கொள்ளைநோயால் இறந்துவிட, அறுபது வயதைத் தாண்டிய தியோடோரை அப்போதைய போப் 668ஆம் ஆண்டில் அபிஷேகம் செய்து அனுப்பினார். அந்த வயதில் கடல் கடந்து வந்த அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, சிதறிக் கிடந்த சபைகளை ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தார். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஹாட்ரியனைத் துணையாகக் கொண்டு கேன்டர்பரியில் புகழ்பெற்ற கல்விக்கூடத்தையும் வளர்த்தார். ஆங்கிலேயருக்கே உரிய பதவி என்று நாம் எண்ணும் இந்தப் பீடத்துக்கு உருக்கொடுத்தவர்களுள் ஓர் இத்தாலியத் துறவியும் ஒரு கிரேக்கரும் ஓர் ஆப்பிரிக்கரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

'இங்கிலாந்தின் முதன்மைப் பேராயர்' என்ற பட்டம் யார்க் பேராயருக்கும் இருப்பதாகப் படித்தேன். இருவரில் யார் பெரியவர்?
(வாசகர், திருச்சிராப்பள்ளி)

இருவருக்கும் பட்டம் உண்டு. 1072ஆம் ஆண்டில் கேன்டர்பரி பேராயர் லான்ஃபிராங்கின் காலத்தில் யார்க் பணிந்துபோக வேண்டும் என்று முடிவானாலும் சச்சரவு ஓயவில்லை; நூறாண்டுகளுக்கு மேலாக நீடித்தது. இறுதியில் பதினான்காம் நூற்றாண்டில் போப் ஆறாம் இன்னொசென்ட் ஒரு வழி கண்டார். யார்க் பேராயர் 'இங்கிலாந்தின் முதன்மையர்', கேன்டர்பரி பேராயர் 'முழு இங்கிலாந்தின் முதன்மையர்'. அந்த ஏற்பாடே இன்றுவரை நடைமுறையில் உள்ளது.

பெக்கெட் பேராயர் கொல்லப்பட்ட கதையைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவரைப்போல வேறு பேராயர்களும் கொல்லப்பட்டார்களா? அரசர்களோடு இந்தப் பதவிக்கு ஏன் இவ்வளவு மோதல்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

இந்தப் பதவியை வகித்தவர்களுள் ஐவர் வன்முறையாலோ மரண தண்டனையாலோ உயிரிழந்தனர். மோதலுக்கான காரணம் பதவியின் அமைப்பிலேயே இருக்கிறது. இடைக்காலத்தில் பேராயர் ஆன்மிகத் தலைவராக மட்டும் இருக்கவில்லை. பெரும் நிலங்களின் உடைமையாளர், அரசரின் ஆலோசகர், சில வேளைகளில் அரசின் முதன்மை அமைச்சர். அரசர் அவரைத் தம் ஆளாகக் கருதினார். ரோம் அவரைத் தன் ஆளாகக் கருதியது.

முதலாமவர் ஆல்ஃபேஜ். டேனியப் படையினர் அவரைச் சிறைபிடித்து மீட்புப் பணம் கேட்டபோது, தம் மக்களைக் கசக்கிப் பிழிந்து அந்தப் பணத்தைத் திரட்ட வேண்டாம் என்று மறுத்ததால் 1012ஆம் ஆண்டில் கிரீனிச்சில் கொல்லப்பட்டார்.

தாமஸ் பெக்கெட்டின் வரலாறு வேறு வகையானது. இரண்டாம் ஹென்றியின் நெருங்கிய நண்பராகவும் முதன்மை அமைச்சராகவும் இருந்த அவரை, திருச்சபையைத் தம் கைக்குள் கொண்டுவரும் எண்ணத்தோடு அரசரே 1162இல் பேராயராக்கினார். பதவி ஏற்றதும் பெக்கெட் அமைச்சர் பதவியைத் துறந்தார். குற்றம் செய்த குருமாரை அரசின் நீதிமன்றத்தில் தண்டிக்கலாமா என்ற கேள்வியில் அரசருக்கு எதிராக நின்றார். இந்தக் குறிப்பிட்ட வழக்கில் நியாயம் முழுவதும் பெக்கெட் பக்கமே இருந்தது என்று சொல்வதற்கில்லை. குற்றம் செய்த குருவுக்குத் தனி நீதி என்பதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆயினும், தமக்கு வேண்டியவரைப் பதவியில் அமர்த்திவிட்டால் பதவியும் தமக்கு உரியதாகிவிடும் என்ற அரசரின் எண்ணத்தை அவர் தம் உயிரைக் கொடுத்து முறியடித்தார். பிரான்சில் ஆறு ஆண்டுகள் தஞ்சமிருந்து திரும்பிய சில வாரங்களில், 1170 டிசம்பர் 29 அன்று, மாலை வழிபாட்டு வேளையில் அரசரின் வீரர்கள் நால்வர் ஆயுதங்களோடு பேராலயத்துக்குள் புகுந்தனர். கதவைத் தாழிடுமாறு துறவிகள் வற்புறுத்தியபோது, கடவுளின் ஆலயத்தைக் கோட்டையாக்கக் கூடாது என்று சொல்லி அவர் தடுத்துவிட்டார். வீரர்கள் அவரை அங்கேயே வெட்டிக் கொன்றனர். அப்போது அங்கிருந்த எட்வர்ட் கிரிம் என்னும் குருவானவர், வாள்வீச்சைத் தம் கையால் தடுக்க முயன்று காயமடைந்தவர். அவர் எழுதிவைத்த குறிப்பிலிருந்துதான் அந்த மாலைப் பொழுதை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிகிறோம். மூன்றே ஆண்டுகளில் பெக்கெட் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1174இல் அரசர் வெறுங்காலோடு கேன்டர்பரிக்கு நடந்து வந்து, துறவிகளின் கையால் கசையடி ஏற்றார். 1538இல் எட்டாம் ஹென்றி பெக்கெட்டின் கல்லறையை இடித்துத் தள்ளினார். அது இருந்த இடத்தில் இன்று ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிகிறது.

1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியில் சைமன் சட்பரி பேராயர் லண்டன் கோபுரத்திலிருந்து இழுத்து வரப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். அவர் அரசின் முதன்மை அமைச்சராகவும் இருந்ததால் தலைவரி மீது மக்களுக்கு இருந்த கோபம் அவர் மீது பாய்ந்தது. நான்காமவர் தாமஸ் கிரான்மர். எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்த காலத்தில் பேராயரானவர். 1549இல் வெளிவந்த ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம் பெரும்பாலும் அவருடைய ஆக்கம். கத்தோலிக்க அரசி மேரியின் காலத்தில் சிறைப்பட்டு, அச்சத்தால் தம் கொள்கைகளை மறுத்துப் பலமுறை கையொப்பமிட்டார். ஆனால் 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில், எரியூட்டப்படும் முன் பேச அனுமதித்தபோது அந்த மறுப்பையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, கையொப்பமிட்ட வலக்கையே முதலில் எரியட்டும் என்று அதைத் தீயில் நீட்டினார். ஐந்தாமவரான வில்லியம் லாட், முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த போரின்போது 1645 ஜனவரியில் தலை வெட்டப்பட்டார். அதன் பின் 1660 வரை பேராயரே இல்லை.

கொல்லப்படாதவர்களுள் ஸ்டீபன் லாங்டனைச் சொல்லாமல் விட முடியாது. ஜான் அரசர் அவரை ஏற்க மறுத்ததால் நாடே ரோமின் தடைக்கு உள்ளானது. பின்னர் 1215இல் மாக்னா கார்ட்டா உருவாக முன்நின்றவர்களுள் அவரும் ஒருவர். நாம் கையில் எடுக்கும் வேதாகமத்தின் அதிகாரப் பிரிவுகளும் அவர் வகுத்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது.

பேராயரைத் தேர்ந்தெடுப்பது யார்? புதிய பேராயர் செவிலியராக இருந்தவர் என்பது உண்மையா?
(செவிலியர், வேலூர்)

உண்மை. 2025 அக்டோபர் 3 அன்று 106ஆவது பேராயராக அறிவிக்கப்பட்ட சாரா முலாலி, புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றிய செவிலியர். 1999இல், 37ஆம் வயதில், இங்கிலாந்து அரசின் தலைமைச் செவிலிய அதிகாரியானார். 2001இல் திருப்பணியாளராக அபிஷேகம் பெற்று, 2018இல் லண்டன் பிஷப்பானார். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் குருமார்களாக முதன்முதலில் அபிஷேகம் பெற்றதே 1994இல்தான். பிஷப் பதவி அவர்களுக்குத் திறந்தது 2014இல். நோயாளியின் படுக்கையருகே நின்று பழகிய ஒருவர் இந்தப் பீடத்துக்கு வருவதை நாங்கள் மனமார வரவேற்கிறோம்.

தேர்வு முறையில் பழமையும் புதுமையும் கலந்திருக்கின்றன. முதலில் ஓர் ஆணையம் கூடி மறைவாக வாக்களிக்கிறது. அண்மைத் தேர்வில் வாக்குரிமை பெற்றோர் 17 பேர். அவர்களுள் ஐவர் பிற நாடுகளின் ஆங்கிலிக்கன் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். முன்பு இந்த வெளிநாட்டுப் பிரதிநிதித்துவம் ஓர் இடம் மட்டுமே. ஒருவர் தேர்வாக மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். ஆணையம் தரும் பெயரைப் பிரதமர் அரசருக்குப் பரிந்துரைக்கிறார். 2007 வரை இரு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை பிரதமருக்கு இருந்தது. கார்டன் பிரவுன் அதை விட்டுக்கொடுத்தார். பிரதமர் ரோமன் கத்தோலிக்கராகவோ யூதராகவோ இருந்தால் இதில் ஆலோசனை கூறக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் தடுக்கின்றன. அதன்பின் கேன்டர்பரி பேராலயத்தின் குருமன்றத்தாருக்கு அரசரின் அனுமதிக் கடிதம் போகும். அவர்கள் கூடித் 'தேர்தல்' நடத்துவார்கள். வாக்களிக்க அவர்கள் முன் இருப்பது ஒரே பெயர். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் இன்றும் அப்படியே பின்பற்றப்படுகிறது. அரசியல் தலைவர் ஒருவர் இடையில் நின்று திருச்சபைக்குத் தலைவரைப் பரிந்துரைக்கும் இந்த ஏற்பாடு இனியும் தேவையா என்பது நியாயமான கேள்வி. தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

பதவியேற்பின்போது பேராலயத்தில் இரண்டு பொருள்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, பர்பெக் பளிங்கால் ஆன, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் இருக்கை. அகஸ்டின் இருக்கை என்று பெயர். மற்றொன்று, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதப்பட்ட நற்செய்தி ஏடு. அகஸ்டினோடு வந்தது என்று மரபு கூறும் அந்தத் தோல் ஏடு கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. பதவியேற்புக்காக அங்கிருந்து கேன்டர்பரிக்குக் கொண்டுவரப்படுகிறது.

அரசருக்கு முடிசூட்டுவதைத் தவிர இங்கிலாந்தின் பொது வாழ்வில் பேராயருக்கு என்ன வேலை?
(வாசகர், கோயம்புத்தூர்)

முடிசூட்டு விழாவிலேயே பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு, அதைச் சொல்லிவிடுகிறோம். 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டியபோது, உலகம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த விழாவில் ஒரு கட்டம் மட்டும் திரையால் மறைக்கப்பட்டது. அதற்குள் ஜஸ்டின் வெல்பி பேராயர், பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கரண்டியில் எண்ணெய் வார்த்து, அரசரின் கைகளிலும் மார்பிலும் தலையிலும் பூசினார். அந்த எண்ணெய் ஒலிவ மலையின் ஒலிவக் கனிகளிலிருந்து எடுக்கப்பட்டு, எருசலேமில் உள்ள திருக்கல்லறை ஆலயத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. சாலொமோனை ஆசாரியனாகிய சாதோக்கு அபிஷேகம் செய்த வேதாகம நிகழ்ச்சியே இதற்கு முன்மாதிரி. கிரீடம் சூட்டுவது பின்னர்தான் வருகிறது. பேராயரின் பார்வையில் அபிஷேகமே விழாவின் உயிர்.

மற்றபடி, நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் உண்டு. கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் ஆகிய ஐந்து பீடங்களுக்கும் பதவி வழியாகவே அந்த இடம் கிடைக்கிறது. அரச விழாக்களின் வரிசையில் அரச குடும்பத்தினருக்கு அடுத்து நிற்பவர் கேன்டர்பரி பேராயர். 1533ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அதுவரை போப்பிடம் இருந்த சில உரிமைகளைப் பேராயருக்கு மாற்றிக்கொடுத்தது. அதன்படி எந்த இடத்திலும் திருமணம் நடத்த அனுமதிக்கும் சிறப்பு உரிமம் வழங்குவதும், பட்டங்கள் அளிப்பதும், நோட்டரிகள் நியமனமும் இன்றும் அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்தவை. அவர் பெரும்பாலும் தங்கியிருப்பது கேன்டர்பரியில் அன்று. தேம்ஸ் நதிக்கரையில், நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் உள்ள லாம்பெத் மாளிகையில்.

ஒரு பேராயர் பதவி விலக நேர்ந்தது ஏன்? அவரை யாராவது நீக்கினார்களா?
(வாசகர், தூத்துக்குடி)

யாரும் நீக்கவில்லை, வெல்பி தாமே விலகினார். திருச்சபையோடு தொடர்புடைய இளைஞர் முகாம்களை நடத்திய ஜான் ஸ்மித் என்பவர் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடூரமாகத் துன்புறுத்தியதைப் பற்றிய தனி விசாரணை அறிக்கை 2024 நவம்பரில் வெளியானது. 2013இல் இது பற்றி வெல்பிக்குத் தெரிவிக்கப்பட்டும், முறையான நடவடிக்கை எடுக்கப்படுவதை அவர் உறுதிசெய்யவில்லை என்று அது கூறியது. சில நாள்களில் அவர் விலகலை அறிவித்தார். 2025 ஜனவரியில் பொறுப்பு முடிந்தது. 1928இல் ராண்டல் டேவிட்சன் முதுமையால் ஓய்வு பெறும்வரை, பேராயர்கள் தாமாக ஓய்வு பெறும் வழக்கமே இருந்ததில்லை என்பதை நினைத்தால் இந்த விலகலின் கனம் புரியும். ஆணையிடும் அதிகாரம் இல்லாத பதவியில் நம்பிக்கை ஒன்றே முதல். பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் முன் அந்த நம்பிக்கை குலைந்தபின் அவர் நீடித்திருக்க முடியாது, நீடித்திருக்கவும் கூடாது.

தமிழகத்தில் உள்ள தென்னிந்தியத் திருச்சபையும் இலங்கையின் ஆங்கிலிக்கன் திருச்சபையும் கேன்டர்பரியின் கீழ் வருகின்றனவா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டின் நிலையும் வேறு வேறு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்தியா முழுவதற்கும் ஒரே பிஷப்பாகத் தாமஸ் மிடில்டன் 1814இல் லாம்பெத் மாளிகையின் சிற்றாலயத்தில் அபிஷேகம் பெற்றுக் கல்கத்தாவுக்கு வந்தார். அவருக்கு அடுத்து வந்த ரெஜினால்ட் ஹீபர் 1826இல் திருச்சிராப்பள்ளியில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1835இல் சென்னைக்கும், 1845இல் கொழும்புக்கும், 1896இல் திருநெல்வேலிக்கும் தனித் திருமண்டலங்கள் உருவாயின. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பிஷப்பானார். இந்தியத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டப் பிணைப்பிலிருந்து விடுபட்டது 1930இல்தான்.

அசரியா போன்றோர் 1919இல் தரங்கம்பாடியில் கூடித் தொடங்கிய ஒற்றுமை முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயினர். இதைக் காண அசரியா உயிரோடு இல்லை; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். பிஷப் கையால் அபிஷேகம் பெறாத குருமாரும் ஒரே சபையில் ஏற்கப்பட்டதால், உலக ஆங்கிலிக்கன் பிஷப்புகள் கூடும் லாம்பெத் மாநாட்டில், 1948ஆம் ஆண்டில், பிஷப்புகளின் கருத்து இரண்டுபட்டது. முழு ஐக்கிய உறவு அப்போது கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் முழு உறுப்பினராக ஏற்கப்பட்டது. பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்கியவர்களை அவ்வளவு காலம் வாசலில் நிற்க வைத்தது வருத்தத்துக்குரியது. இன்றும் தென்னிந்தியத் திருச்சபையின் தலைவரான மாடரேட்டரை (தமிழில் 'பிரதமப் பேராயர்' எனப்படுபவர்) அதன் பேரவையான சினாடே தேர்ந்தெடுக்கிறது. கேன்டர்பரிக்கு அதில் பங்கு இல்லை.

இலங்கையில் நிலை வேறு. கொழும்பு, குருநாகல் ஆகிய இரு திருமண்டலங்களும் எந்த மாகாணத்திலும் சேராமல் இருப்பதால், அவற்றுக்குக் கேன்டர்பரி பேராயரே நேரடித் தலைமைப் பேராயர். முதல் விடையில் விதிவிலக்கு என்று குறிப்பிட்டவற்றுள் இதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் புனித யோவான் கல்லூரியின் மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் ஆலயங்கள் கொழும்புத் திருமண்டலத்தில் அடங்கும். அமெரிக்க மிஷனிலிருந்து வளர்ந்த, வட்டுக்கோட்டையை மையமாகக் கொண்ட திருச்சபையோ தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணத் திருமண்டலம். ஆகவே உங்கள் ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் உள்ள இரண்டு ஆலயங்களுள் ஒன்று கேன்டர்பரியை நேரடித் தலைமையாகக் கொண்டதாகவும், மற்றொன்று அப்படி இல்லாததாகவும் இருக்கலாம்.

ஆப்பிரிக்க பிஷப்புகள் பேராயரின் தலைமையை ஏற்க மறுக்கிறார்களாமே? அப்படியானால் உலக ஆங்கிலிக்கன் ஐக்கியம் உடைந்துவிட்டதா?
(வாசகர், சென்னை)

இதற்கு விடை லாம்பெத் மாநாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் நட்டால் பிஷப் கோலென்ஸோவின் வேதாகம விளக்கங்களால் எழுந்த பெரும் சர்ச்சையை அடுத்து, 1867இல் லாங்லி பேராயர் உலகப் பிஷப்புகளை முதன்முறையாக அழைத்தார். 76 பேர் வந்தனர். யார்க் பேராயரே வர மறுத்தார். கூடுபவர்கள் யாரையும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற மாட்டார்கள் என்ற உறுதியோடுதான் அந்தக் கூட்டம் நடந்தது. அந்த வரம்பு இன்றும் மாறவில்லை.

ஓரினச் சேர்க்கை வேதாகமத்துக்கு ஒவ்வாதது என்று 1998 மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2003இல் அமெரிக்கத் திருச்சபை, தம் பாலினத்தவரோடு வெளிப்படையாக வாழ்ந்த ஒருவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தபோது, அதைத் தடுக்க ரோவன் வில்லியம்ஸ் பேராயரிடம் எந்தச் சட்டக் கருவியும் இருக்கவில்லை. 2008இல் பிஷப்புகள் பலர் லாம்பெத் மாநாட்டுக்கு வராமல் எருசலேமில் தனியாகக் கூடினர். காஃப்கான் என்னும் இயக்கம் பிறந்தது. 2022 மாநாட்டுக்கு நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா பிஷப்புகள் வரவில்லை. ஒரே பாலினத் தம்பதியருக்கான ஆசி ஜெபங்களை 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை ஏற்றதும், ஆப்பிரிக்கா உள்ளிட்ட தென் உலக நாடுகளின் பல பேராயர்கள் கேன்டர்பரியை இனித் தலைமையாக ஏற்க இயலாது என்று அறிவித்தனர். 2025இல் முலாலியின் நியமனம் வந்த சில நாள்களில் காஃப்கான் மேலும் ஒரு படி சென்று, கேன்டர்பரியை மையமாகக் கொண்ட அமைப்புகளிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

உடைந்துவிட்டது என்று இப்போதே சொல்வது மிகை. பழைய வடிவில் தொடராது என்பது மட்டும் உறுதி. இந்த ஐக்கியத்தின் மிகப் பெரிய திருச்சபைகளுள் பல இன்று ஆப்பிரிக்காவில் உள்ளன. இங்கிலாந்தின் பிரதமர் பரிந்துரைத்து, இங்கிலாந்தின் அரசர் நியமிக்கும் ஒருவர் அவர்களுக்குத் தானாகவே தலைவராவது ஏன் என்று அவர்கள் கேட்பதில், மற்றக் கருத்து வேறுபாடுகளை ஒதுக்கிவைத்தாலும், நியாயம் இருக்கிறது. ஐக்கியத்தின் ஆய்வுக் குழு ஒன்று 2024 டிசம்பரில் வெளியிட்ட நைரோபி–கெய்ரோ முன்மொழிவுகள் இதற்கு ஒரு வழி சொல்கின்றன: உலக ஆலோசனை மன்றத்தின் தலைமையை ஐந்து மண்டலங்களின் பேராயர்கள் முறைவைத்து ஏற்கட்டும், கேன்டர்பரி பேராயருக்குத் தொன்மையான பீடம் என்ற மதிப்பு மட்டும் தொடரட்டும் என்பது அதன் சாரம். இதை ஏற்பதால் கேன்டர்பரி இழப்பது குறைவு. உலகத் தலைமை என்ற சுமை நீங்கினால், பேராயர் தம் முதல் பொறுப்பான இங்கிலாந்துச் சபைகளுக்கும், பாதிக்கப்பட்டோருக்கு அவர் தர வேண்டிய நீதிக்கும் கூடுதல் நேரம் ஒதுக்க முடியும்.